விலை கேட்க வருகிறவரும் நம் கூலியும்

(புதுக்கோட்டை மாவட்டத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். "மில்லில் பஞ்சப்படிப் பேச்சு முடியவில்லை, வயலில் நடவுக் கூலி முடிவாகவில்லை. இந்த நேரத்தில் மார்க்கெட் ஆராய்ச்சி செய்கிறவர் என்ன சம்பளம் வாங்கினால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் சம்பளமும் நம் கூலியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கயிறு எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது என்பதை இன்று பார்த்துவிடுவோம்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிப்போம். கீரமங்கலம் பக்கமோ கந்தர்வகோட்டைப் பக்கமோ ஒரு தெரு. மத்தியான வெயில். தோளில் பையும் கையில் செல்போனுமாக ஓர் இளைஞர் வந்து நிற்கிறார். "அம்மா, என்ன சோப்பு வாங்குகிறீர்கள்? மாதத்துக்கு எத்தனை? ஷாம்பு பாட்டிலா, பாக்கெட்டா? டீத்தூளைப் பேர் சொல்லிக் கேட்பீர்களா, கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேள்வி மேல் கேள்வி. நாற்று நட்டுவிட்டு வந்த தாய் திண்ணையில் உட்கார்ந்து, "கேளு தம்பி" என்று பொறுமையாகப் பதில் சொல்கிறார். அவர் சொல்லும் பதிலுக்குப் பணமதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பணம் அவருக்கு வருவதில்லை.

கேட்க வந்தவருக்காவது வருகிறதா? இந்தத் தொழிலில் தெருவில் அலைகிறவருக்குப் பெரும்பாலும் பாரக் கணக்கில்தான் கூலி. பூர்த்தி செய்த பாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேச்சு. வீடு பூட்டியிருந்தால் கூலி இல்லை. வீட்டுக்காரர் பாதியில் எழுந்து போனால் கூலி இல்லை. மேலே சரிபார்க்கிறவர் தள்ளிவிட்ட பாரத்துக்கும் கூலி இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் சேராது. பீடி சுற்றும் தாய்மார்களே, உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதும், கழிவு என்று ஒதுக்குவதும் உங்களுக்குப் பழகிப்போன சங்கதிகள்.

இவருக்கு மேலே மேற்பார்வையாளர். அவருக்கு மேலே ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்ட் ஏஜென்சி. அதற்கு மேலே சென்னையிலோ பம்பாயிலோ பெங்களூரிலோ மார்க்கெட் ஆராய்ச்சிக் கம்பெனி. அங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, நம் தெருவிலிருந்து போன பதில்களைக் கூட்டிக் கழித்து, "இந்தச் சரக்கு இந்த விலையில் இவ்வளவு விற்கும்" என்று அறிக்கை எழுதுகிறவர்தான் ஆராய்ச்சியாளர். அவருக்கு மாதச் சம்பளம். எல்லாருக்கும் மேலே, அந்த அறிக்கையை விலை கொடுத்து வாங்கும் சோப்புக் கம்பெனி முதலாளி.

ஆராய்ச்சியாளரின் சம்பளத்தை நிர்ணயிப்பது எது? படிப்பு ஒன்று. புள்ளிவிவரக் கணிதம் தெரிய வேண்டும், கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரிய வேண்டும். இரண்டாவது அனுபவம். மூன்றாவது ஊர்: பெரிய நகரத்தில் ஒரு சம்பளம், சிறிய ஊரில் ஒரு சம்பளம். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றுக்கு மேல் இன்னொன்று இருக்கிறது.

அமெரிக்காவைப் பாருங்கள். அந்த நாட்டு சர்க்காரின் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா இதை வருஷாவருஷம் கணக்கெடுக்கிறது. 2023ல் அங்கே மார்க்கெட் ஆராய்ச்சியாளர்களை வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் வருஷச் சம்பளம் 74,680 டாலர். பாதிப்பேர் அதற்கு மேல் வாங்கினார்கள், பாதிப்பேர் அதற்குக் கீழ். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே வேலைதான், ஒரே பெயர்தான். ஆனால் பெரிய கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்கு, அந்த வேலையை வெளியே ஆலோசனைக் கம்பெனியில் இருந்து செய்து கொடுப்பவரைவிடச் சம்பளம் அதிகம். லாபம் சேரும் இடத்துக்கு ஒருவர் எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் சம்பளம் ஏறுகிறது. அந்த வரிசையின் கடைசியில், நம் தெரு வெயிலில் நிற்கிறார் பாரம் எழுதும் இளைஞர்.

நம் பதிலுக்கு என்ன மதிப்பு என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒருமுறை உபயோகிக்கும் ஷாம்பு பாக்கெட்டைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அன்றாடக் கூலி வாங்குகிறவர் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க முடியாது, அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் வாங்குவார் என்பதே அந்த வியாபாரத்தின் அஸ்திவாரம். பின்னால் பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் அதே வழிக்கு வந்தன. கூலிக்காரரின் மடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், அதற்குத் தகுந்தபடி சரக்கையும் வெட்டிச் சுருக்கி விற்கலாம். நம் வறுமையின் அளவைத் தெரிந்துகொள்வதுகூட ஒரு மூலதனம், தோழர்களே!

இதுவரை கம்பெனி கேட்கும் கேள்வியைச் சொன்னோம். சர்க்காரும் இதே கடைத்தெருவில் நின்று கேள்வி கேட்கிறது. "அரிசி என்ன விலை? பருப்பு என்ன விலை? வாடகை எவ்வளவு?" அந்தப் பதில்களைக் கூட்டித்தான் விலைவாசிப் புள்ளி போடுகிறார்கள். மில் தொழிலாளியின் பஞ்சப்படி அந்தப் புள்ளியில் தொங்குகிறது. ஆகவே இந்தக் கணக்கு தப்பினால் நம் சட்டைப்பையில் ஓட்டை விழும்.

இது வெறும் பயமல்ல. நடந்த சரித்திரம். பம்பாய் மில் தொழிலாளர்களின் பஞ்சப்படி 1933-34ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய விலைவாசிப் புள்ளியோடு கட்டப்பட்டிருந்தது. கடைக்குப் போனால் விலை ஏறுகிறது, புள்ளியோ அந்த அளவுக்கு ஏறவில்லை. "இந்தக் கணக்கு மோசடி" என்று தொழிலாளிகள் கொதித்தெழுந்தார்கள். 1963 ஆகஸ்ட் 20ந் தேதி தோழர் டாங்கேயும் ஏ.ஐ.டி.யு.சி.யும் முன்னின்ற போராட்டத்தில் பம்பாய் ஸ்தம்பித்தது. பேராசிரியர் லக்டாவாலா தலைமையில் நிபுணர் கமிட்டி அமைந்தது. புள்ளி உண்மையைவிடக் குறைவாகவே காட்டப்பட்டிருந்தது என்று அந்தக் கமிட்டி கண்டது. கணக்கு திருத்தப்பட்டது. எண்ணைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு என்ன படிப்பு இருக்கிறது என்று நினைக்கிற தோழர்கள் பம்பாயை நினைத்துக்கொள்ள வேண்டும். அரிசிக் கடையில் நின்று விலை கொடுத்தவர்களின் அறிவுதான் அன்று ஜெயித்தது.

இன்றைக்கு நிலைமை என்ன? சிம்லாவில் உள்ள மத்திய தொழிலாளர் பீரோ 2016ஐ அடிப்படையாக வைத்து, 2020 அக்டோபரில் ஒரு புதிய வரிசையை வெளியிட்டது. நாடு பூராவும் 88 தொழில் மையங்கள், 317 மார்க்கெட்டுகள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம் போன்ற ஊர்கள் அதில் உண்டு. நம் புதுக்கோட்டை அதில் இல்லை. குறைந்தபட்சக் கூலி அரசாணைகள் பலவற்றில் பஞ்சப்படி சென்னை நகரப் புள்ளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதாவது விராலிமலையில் வேலை செய்கிறவரின் பஞ்சப்படி சென்னைக் கடைத்தெருவில் நிர்ணயமாகிறது.

இன்னொரு விஷயம். 2001 வரிசையில் 100 ரூபாய் குடும்பச் செலவில் சாப்பாட்டுக்கு 46 ரூபாய் 20 காசு என்று வைத்திருந்தார்கள். 2016 வரிசையில் அது 39 ரூபாய் 17 காசாகக் குறைந்துவிட்டது. இதனால் என்ன வருகிறது? மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சாப்பாட்டுச் சாமான் மட்டும் 100க்கு 10 வீதம் ஏறியது என்று வையுங்கள். பழைய கணக்கில் புள்ளி 100க்கு 4.62 ஏறும். புதிய கணக்கில் 3.92தான் ஏறும். குடும்பங்களைக் கேட்டதில் வாடகை, படிப்பு, வைத்தியம் ஆகியவற்றின் பங்கு கூடியிருந்தது, அதனால் சாப்பாட்டின் பங்கு குறைந்தது என்பது அவர்கள் சமாதானம். அப்படியானால் எந்தக் குடும்பத்தைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி.

விவசாயத் தொழிலாளிக்குத் தனியாக ஒரு விலைவாசிப் புள்ளி உண்டு. 1986-87 அடிப்படையில், 20 மாநிலங்களில் 600 கிராமங்களைக் கேட்டு அது பல்லாண்டுகள் ஓடியது. 2025ல்தான் 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசைக்கு மாற்றி, 787 கிராமங்கள் ஆக்கினார்கள். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் கூலி ஏற்றம் இந்தப் புள்ளியைப் பார்த்தே போடப்பட்டது. தமிழ்நாட்டில் 2024-25ல் 319 ரூபாயாக இருந்த கூலி 2025-26ல் 336 ஆயிற்று. ஏற்றம் 17 ரூபாய். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், விலை ஏற்றத்தை அளக்கிற கோல் நேராக இருக்கிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கயிற்றின் முடிச்சுக்கு வருகிறோம். அந்தக் கோலைப் பிடித்திருப்பவர் யார்? சர்க்கார் கணக்கெடுப்பிலும் இரண்டு ஜாதி உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். மத்திய சர்க்காரில் இளநிலைப் புள்ளிவிவர அதிகாரியாக நிரந்தர வேலையில் சேர்ந்தால், ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். அதன் மேல் பஞ்சப்படி. அந்தப் பஞ்சப்படியும் தொழிலாளர் விலைவாசிப் புள்ளியை வைத்தே போடப்படுகிறது. பக்கத்திலேயே காண்டிராக்டில் கணக்கெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொகுப்பூதியம்தான். பஞ்சப்படியைக் கணக்கிட விலை கேட்டு அலைகிறவருக்கே பஞ்சப்படி இல்லை!

பாரத்துக்கு இவ்வளவு என்று வயிற்றைக் கட்டி வேலை வாங்கினால் என்ன நடக்கும்? பஸ் போகாத ஊரை விட்டுவிடத் தோன்றும். வேலைக்குப் போயிருக்கும் கூலிக்காரர் வீடு பூட்டியிருந்தால், பகலில் ஆள் இருக்கிற வசதியான வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றும். அவசரத்தில் கேட்டதும் கேட்காததும் பாரத்தில் ஏறும். அந்த இளைஞரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் கூலி குறைந்தால் கணக்கு பொய்க்கும். கணக்கு பொய்த்தால் நம் கூலி குறையும். அவர் கூலி நம் கூலி என்று நாங்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நம் ஒவ்வொரு சங்கமும் ஒரு விலை நோட்டு வைக்க வேண்டும். அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, கந்தர்வகோட்டை என்று ஊருக்கு ஒரு கடை. மாதாமாதம் அதே தேதி, அதே கடை, அதே ரகம், அதே அளவு. அரிசி, பருப்பு, எண்ணெய், காய், மீன், கேஸ், பஸ் கட்டணம், வாடகை, மருந்து. போன மாதம் நல்ல ரகம், இந்த மாதம் மட்ட ரகம் என்று மாற்றி எழுதக் கூடாது. கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். கூலிப் பேச்சுக்குப் போகும்போது அந்த நோட்டை மேஜைமேல் வைத்துப் பேச வேண்டும்.

இரண்டாவது, சர்க்கார் கணக்கெடுப்புக்கு வருகிறவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கௌரவத்துக்காகச் செலவைக் கூட்டுவதும், பயந்து கடனை மறைப்பதும் நமக்கே நஷ்டம். வட்டி கட்டுகிறோமா? கட்டுகிறோம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, வெயிலில் வந்து நிற்கிற அந்த இளைஞருக்குத் தண்ணீர் கொடுங்கள். கொடுத்துவிட்டு நாமும் ஒரு கேள்வி கேட்போம்: "தம்பி, உனக்கு என்ன கூலி? போகவரச் செலவு தருகிறார்களா? தள்ளிய பாரத்துக்கு யார் பொறுப்பு?" அவர் பதிலையும் நம் நோட்டில் எழுதிக்கொள்வோம். அவர் நம் வீட்டுப் பிள்ளை. மில் தொழிலாளியின் மகனாகவோ கூலிக்காரர் மகளாகவோ இருப்பார். நாள் கூலி, பயணச் செலவு, காத்திருந்த நேரத்துக்குக் கூலி, நிரந்தர வேலை, சங்கம் சேரும் உரிமை ஆகியவற்றை அவருக்காகவும் நாம் கேட்க வேண்டும்.

தோழர்களே! இத்தனை நாள் கேள்வி கேட்பவர்கள் அவர்களாக இருந்தார்கள், பதில் சொல்பவர்கள் நாமாக இருந்தோம். இனி கேள்வியை நாமும் கேட்போம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் விலை நோட்டின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். அதுவே இன்றைய கூட்டத்தின் முடிவாக இருக்கட்டும்.