ஞாயிற்றுக்கிழமைத் தொண்டு என்று சொல்லாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேசி அமர்ந்தபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. "தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், நாய்க்குட்டியைத் தூக்கி வைத்து செல்ஃபி எடுப்பார்கள், திங்கட்கிழமை ஆளைக் காணோம். அதனால் பிராணிகள் காப்பகத்தை அரசே நடத்தட்டும்" என்றார். ஐயா, திங்கட்கிழமை விடியற்காலையில் ஒரு காப்பகத்துக்குள் நீங்கள் கால் வைத்திருந்தால் அந்த வார்த்தை உங்கள் வாயில் வந்திருக்காது.

ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்த கூண்டுகளைப் பினாயில் ஊற்றிக் கழுவுகிறவர்கள் யார்? அண்டாவில் அரிசியும் கோழிக்காலும் வேகவைத்து ஆறவைத்துப் பிரித்துப் போடுகிறவர்கள் யார்? பார்வோ வைரஸ் நோய் வந்த குட்டிக்கு ட்ரிப்ஸ் ஏறி முடிகிற வரைக்கும் அதன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அங்கே இருக்கிற சொற்பச் சம்பளக்காரர்களோடு கல்லூரிப் பிள்ளைகளும், ஓய்வுபெற்ற டீச்சர்களும், சவாரியை விட்டுவிட்டு வருகிற ஆட்டோ அண்ணன்களும்தான். புழு வைத்த புண்ணில் இடுக்கியை விட்டு ஒவ்வொரு புழுவாக எடுக்கிறார்களே, அந்த நாற்றத்தில் யாரய்யா செல்ஃபி எடுப்பார்?

அரசு நடத்தட்டும் என்கிறீர்கள். நடத்திப் பார்த்ததே! இதே சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக்கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது மாநகராட்சி. ஆண்டுக்கணக்காகக் கொன்றார்கள். நாய் குறைந்ததா? ஒரு தெருவைக் காலி செய்தால் பக்கத்துத் தெரு நாய் வந்து அந்தக் குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டது. கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964-லேயே மன்றாடியது யார்? கேப்டன் சுந்தரம் என்கிற விமானி 1959-ல் தன் குடும்பத்தோடு சேர்ந்து தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு. மாநகராட்சி அதற்குக் காது கொடுத்தது 1996-ல். இடையில் 32 வருஷம்! 2001-ல் அதே வழி இந்தியா முழுமைக்கும் விதியாக வந்தது. அரசுக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்களைப் பார்த்துத்தான் பொறுப்பில்லாதவர்கள் என்கிறார் எதிரணித் தலைவர்.

சரி, கருத்தடையைத்தான் இன்று மாநகராட்சியே செய்கிறதே என்பார்கள். அறுவைசிகிச்சை பெரிய வேலை இல்லை ஐயா, அதற்கு டாக்டர் இருக்கிறார். நாயைப் பிடிப்பதுதான் வேலை! நாய் பிடிக்கிற வண்டி வருகிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் அதன் சத்தம் கேட்டதுமே கருப்பன் காருக்கு அடியில், மணி மாடிப்படிக்குக் கீழே, செவலை காம்பவுண்டு தாண்டி அடுத்த வார்டுக்கே போய்விடும். வலையோடு நாலு பேர் ஓட, பின்னாலேயே வேடிக்கை பார்க்கத் தெருப் பிள்ளைகள் ஓட, கடைசியில் மாட்டுவது எது? ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிக் காதில் வெட்டு அடையாளத்தோடு ஓட முடியாமல் படுத்திருக்கிற கிழட்டு நாய்!

அதே தெருவில் தினமும் சாயங்காலம் ஒரு அக்கா தயிர்சாதத் தூக்கோடு வருகிறார். "வாடி செவலை" என்கிறார். யாரிடமும் பிடிபடாத அந்தப் பெட்டை வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் மடியில் மோவாயை வைக்கிறது. அப்படியே தூக்கிக் காப்பகத்து வண்டியில் ஏற்றுகிறார். நடுவர் அவர்களே, அந்த ஒரு பெட்டை தப்பியிருந்தால் இரண்டே மாதத்தில் ஐந்தாறு குட்டி. அதில் பெட்டைகள் வளர்ந்தால் வருஷத்துக்குள் அதுவும் சினை. தடுப்பூசிக்கும் இதே கதைதான்: வெறிநோயைத் தடுக்க வேண்டுமானால் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எழுபதை வலை வீசி எட்ட முடியாது. தயிர்சாதத் தூக்குதான் எட்டும். அந்த அக்காவை எந்த டெண்டரில் எடுப்பீர்கள்?

நாய்க்கடிபட்ட குழந்தையைப் பற்றி எதிரணித் தம்பி ஒருவர் இங்கே உருக்கமாகப் பேசினார். எனக்கும் நெஞ்சு பதறியது. அந்தக் குழந்தைக்காகத்தான் தம்பி நான் பேசுகிறேன். அடுத்த தெருக் குழந்தையைக் காப்பாற்றுவது நாய்மேல் உங்களுக்கு வருகிற கோபமா, அந்த நாய்க்குப் போட்ட ஊசியா?

"எல்லாவற்றையும் பிடித்து அடைத்துவிட்டால் தீர்ந்தது" என்றும் ஒருவர் முழங்கினார். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களை அப்படி அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. 22-ம் தேதியே அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்தில் விடுங்கள். வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. அடைப்பதற்கு இடம் எங்கே, சோறு எங்கே, ஆள் எங்கே?

காப்பகத்தில் நெரிசல், நெரிசல் என்கிறார்களே, நெரிசலை உண்டாக்கியது யார் என்பதை மட்டும் சொல்லவே இல்லை! சைபீரியக் குளிருக்குப் பிறந்த ஹஸ்கியை ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கி, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வாட்டி, முடி கொட்டுகிறது, சொறி வந்துவிட்டது என்று நடுராத்திரியில் காப்பகத்து கேட்டில் கட்டிவிட்டு ஓடுகிறார்களே, அவர்கள் தெருக்காரர்களா? பங்களாக்காரர்கள் ஐயா! விடிந்து பார்த்தால் அது கயிற்றைக் கடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி நிற்கிறது. போன காரைத் தேடுகிறது. அதற்கு முதல் வாய் தண்ணீர் வைப்பது நீங்கள் இளக்காரம் செய்த அந்தத் தன்னார்வலர்தான்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். மாநகராட்சி நிலம் கொடுக்கட்டும், ஆபரேஷன் தியேட்டர் கட்டட்டும், டாக்டருக்குச் சம்பளம் போடட்டும். அது அதன் கடமை. ஆனால் காப்பகத்தின் சாவி ஊர்க்காரர்கள் கையில் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.