போப் என்றொரு குடும்பப் பெயர்



ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். போப் என்பதே அப்பெயர். தமிழ் படித்தோர் எவருக்கும் இது புதிதன்று. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் ஐயரைப் பாடசாலைப் பருவத்திலேயே அறிந்துகொள்கிறோம். ஆங்கில இலக்கியம் கற்றோர்க்கு அலெக்சாந்தர் போப் என்னும் கவிஞர் நினைவுக்கு வருவார்.

எமது வழக்கில் தந்தையின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது. அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மாறிவிடும். ஆங்கிலேயரிடத்தோ பாட்டனின் குடும்பப் பெயர் பேரனுக்கும் தொடர்கிறது. அப்பெயர்கள் தோன்றிய வழிகள் நான்கு எனலாம். சிமித் என்பது கொல்லனின் தொழிற்பெயர். ஹில் என்பது குன்றருகே குடியிருந்தமையால் வந்தது. ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். நான்காவது வகை, ஊரார் இட்ட பட்டப்பெயர். போப் இந்த வகையைச் சேர்ந்தது.

போப் என்பதன் பொருள் பாப்பரசர் என்பதே. தந்தை எனப் பொருள்படும் 'பப்பாஸ்' என்ற கிரேக்கச் சொல் இலத்தீனில் 'பாப்பா' ஆகி, ஆங்கிலத்தில் 'போப்' ஆயிற்று. நாம் வழங்கும் பாப்பரசர் என்ற சொல்லிலும் அந்தப் 'பாப்பா' இருக்கிறது. பாப்பரசர் மணம் புரியாதவர். ஆகவே அவர் வழிவந்தோர் பெயர் இதுவென்று கொள்வதற்கில்லை. கடும் ஒழுக்கமும் பெருமித நடையும் உடையவனை அயலார் இவ்வாறு அழைத்திருக்கலாம். விழாக்கால நாடகத்திலே பாப்பரசர் வேடம் பூண்டவனுக்கும் இப்பெயர் ஒட்டியிருக்கலாம் என்பர் பெயராய்வாளர். கூத்தில் கட்டிய வேடத்தின் பெயராலேயே ஒருவரை அழைப்பது எங்கள் ஊர்களிலும் உண்டல்லவா? இத்தகைய பெயர் பல ஊர்களில் தனித்தனியே தோன்றக்கூடியது. எனவே போப் என்போர் அனைவரும் ஒரே குடும்பத்தவர் என எண்ண வேண்டியதில்லை.

இப்பெயருடைய ஒருவர் மெய்யாகவே நடிகரானார். சேக்ஸ்பியரின் நாடகக் குழுவைச் சேர்ந்த தோமஸ் போப், 1599ஆம் ஆண்டு எழுந்த குளோப் அரங்கின் பங்காளருள் ஒருவர். 1623இல் வெளிவந்த சேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் நடிகர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. அவருக்கு முன் வாழ்ந்த இன்னொரு தோமஸ் போப், எட்டாம் ஹென்றி மன்னன் உரோமாபுரியோடு உறவை முறித்து மடங்களைக் கலைத்தபோது, அம்மடங்களின் சொத்துக்களை நிருவகித்த அலுவலர். அதனால் பெருஞ் செல்வரானார். 1555இல் ஒக்ஸ்போர்டில் டிரினிற்றிக் கல்லூரியை நிறுவினார். பாப்பரசரின் பெயரைத் தாங்கியவர், பாப்பரசரின் அதிகாரம் ஒழிக்கப்பட்டதால் வளம்பெற்றார் என்பது வரலாற்றின் விநோதம்.

அலெக்சாந்தர் போப் விடயத்தில் இந்த விநோதம் துன்பமாக மாறியது. அவர் 1688இல் இலண்டனில் ஒரு துணி வணிகரின் மகனாகப் பிறந்தார். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். கத்தோலிக்க மன்னன் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியதும் அதே ஆண்டில்தான். அக்காலச் சட்டங்கள் கத்தோலிக்கருக்குப் பல்கலைக்கழகக் கதவை அடைத்தன. இலண்டனிலிருந்து பத்து மைலுக்குள் குடியிருக்கவும் தடை விதித்தன. இளமையிலேயே முதுகெலும்பைத் தாக்கிய நோயால் அவர் நாலரை அடி உயரத்துக்கு மேல் வளரவில்லை. பகைவர்கள் அவர் உடலையும் சமயத்தையும் சேர்த்தே ஏளனம் செய்தனர்.

பல்கலைக்கழகம் ஏற்காத அந்த மனிதர் பெரும்பாலும் தாமாகவே கற்று, ஹோமரின் 'இலியட்' காவியத்தை ஆங்கிலக் கவிதையாக்கினார். 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. வாசகர்கள் முற்பணம் கட்டி வாங்கினர். பிரபுக்களின் தயவை நாடாது எழுத்தால் வாழ அவ்வருவாய் வழிசெய்தது. கவிதை அழகானதுதான், ஆனால் அது ஹோமர் அல்ல என்ற கருத்தில் கிரேக்கப் பேரறிஞர் பென்ற்லி குறைகூறியதாகச் சொல்வர். ஆயினும் கிரேக்கம் அறியாத தலைமுறைகள் ஹோமரை அறிந்தது அந்த நூல் வழியாகவே. அவர் கையாண்டது அடியிறுதிகள் ஒலியொத்து வரும் ஈரடிச் செய்யுள். தமிழ் யாப்பில் இதனை இயைபு என்போம்.

திருக்குறளை ஆங்கிலமாக்க வந்த மற்றப் போப்பும் இயைபுடைய செய்யுளையே நாடினார். ஜோர்ஜ் அக்லோ போப் 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவில் பிறந்தவர். தமது முதலாவது தமிழ்ப் பாடத்தை 1837இல் கற்றார். 1839இல் தமிழகம் வந்து, சாயர்புரம், தஞ்சை, உதகமண்டலம் முதலிய இடங்களில் பணிபுரிந்தார். முதுமையில் ஒக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார், 1900இல் திருவாசகம் என மூன்று பெரும் மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன.

திருவாசகத்தை முடிக்க ஆயுள் போதுமோ என்று அவர் ஐயுற்றபோது, பலியோல் கல்லூரித் தலைவர் ஜோவெட், பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்று ஊக்கினாராம். தமது எண்பதாவது பிறந்தநாளைத் தேதியாக இட்டு அந்நூலின் முன்னுரையை முடித்தார். முதற் பாடத்துக்கும் அந்த முன்னுரைக்கும் இடையே 63 ஆண்டுகள்!

அவரிடம் குறைகளும் உண்டு. வள்ளுவர் கிறித்தவ போதனைகளை அறிந்திருந்தார் என்று அவர் எழுதியதைத் தமிழறிஞர் பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. இயைபுக்காகச் சொற்களைக் கூட்டியதால் குறளின் இறுக்கம் பல இடங்களில் தளர்ந்தும் போயிற்று. ஆயினும் இந்துக் கல்லூரி ஒன்றில் திருவாசகம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அவர் இறுதிவரை கிறித்தவ குருவாகவே வாழ்ந்தார். தம் சமயத்தை விடாமலே மாணிக்கவாசகரின் உருக்கத்தை மதித்தார். அது எளிய காரியமன்று.

இனி, அவசியம் சொல்லவேண்டிய செய்தி. தமது கல்லறையில் 'ஒரு தமிழ் மாணவன்' என்று பொறிக்குமாறு போப் ஐயர் கேட்டார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்றும் மேடைதோறும் கேட்கிறோம். மாணவர் கட்டுரைகளில் ஆண்டுதோறும் இதனைக் காண்கிறேன். 1908இல் மறைந்த அவரது கல்லறை ஒக்ஸ்போர்டில் புனித செப்பல்கர் இடுகாட்டில் இருக்கிறது. அக்கல்லில் அப்படி ஒரு வாசகம் இல்லை. அவரது பெயர், பதவிகள், பிறப்பு இறப்பு நாட்களோடு, கீழைத்தேய இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பைப் போற்றி, குடும்பத்தினரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டினர் என்ற செய்தியே அதில் உள்ளது.

இந்த உண்மை அந்தக் கதையைவிடக் குறைந்ததா? கடல் கடந்து கிடந்த ஒருவருக்குத் தமிழர் நன்றியோடு கல் நாட்டினர் என்பது நமக்கும் பெருமையல்லவா? இல்லாத வாசகத்தைச் சொல்லிப் பழகினால், அது பொய்யென்று அறியும் நாளில் மாணவன் 63 ஆண்டு உழைப்பையும் ஐயுறுவான். போப் ஐயரைப் போற்ற அவர் செய்த பணியே போதும். அதனைப் படித்துப் போற்றுவோம்.