சிறு இலையிலும் விருந்துண்டு

உடற்பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் இன்று நம்மவருள்ளும் உளர். ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீக்கப்படுகிறது. அத்தகையோரைப் பந்தியில் அமர்த்தி, "இன்னும் ஒரு கரண்டி" என்று நாம் வற்புறுத்துவது அன்பாகாது. குமட்டலும் வாந்தியுமே அதன் பயன்.

ஆயினும் அவர்களுக்கு உணவின்பம் அற்றுவிடவில்லை. புரதம் மிகுந்த பருப்பையும் தயிரையும் முதலில் உண்பர். ஒவ்வொரு கவளத்தையும் நன்கு மென்று சுவைப்பர். நீரை உணவோடு பருகாது, அரைமணி கழித்தே பருகுவர்.

ஆகவே சிறு இலையிட்டு, கேட்டதை மட்டும் பரிமாறுவோம். எஞ்சியது கண்டு முகஞ்சுளியாது, அவர் உண்டு முடிக்குமளவும் உடனமர்ந்து உரையாடுவோம். இன்றைய விழாப் பந்தியிலேயே இதனைத் தொடங்குவோமாக.