அம்மாவுடன் சந்திரகிரி
(நம் சங்கக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயண அனுபவம் ஏதாவது பேசும்படி காரியதரிசி சொன்னார். நம்மில் பலர் பிள்ளை, பெண்ணிடம் போய் லண்டன் கோபுரத்தையும் டப்ளின் கோட்டையையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். நான் இன்று சொல்லப்போவது அவ்வளவு தூரமில்லை. சென்னையில் காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்விடக்கூடிய இடம். உடன் வந்தவர் என் தாயார். அவருக்கு வயது 93, எனக்கு 73.

அம்மா பிறந்தது சித்தூர் ஜில்லா புத்தலப்பட்டு. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் இருக்கிறது. 1949-ல் கல்யாணமாகி அம்மா காஞ்சீபுரம் வந்தபோது அதுவும் சென்னை மாகாணம்தான். 1953-ல் ஆந்திரம் தனி ராஜ்யமானது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பிறந்த வீட்டுப் பெரியவர்கள் போனபிறகு அம்மாவுக்கு அங்கே போகும் காரணமும் இல்லாமல் போயிற்று.

என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். "சந்திரகிரிக் கோட்டையை ஒரு தரம் பார்க்கணும்டா, அம்மாவோட ஊரும் வழியிலேதான் இருக்கு" என்று பல வருஷம் கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும், "மார்ச் முடியட்டும் அப்பா" என்பேன். சர்க்கார் உத்தியோகத்தில் மார்ச் முடிந்தால் சட்டசபை, அது முடிந்தால் ஆடிட். அப்படியே அப்பா காலமாகிவிட்டார். போன தை மாதம் அம்மா, "என்னையாவது அழைச்சுண்டு போயேன்" என்றாள். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

மடக்கு சக்கர நாற்காலி, மாத்திரை டப்பா, ஃபிளாஸ்கில் கஞ்சி சகிதம் கிளம்பினோம். காணிப்பாக்கம் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டுப் புத்தலப்பட்டு போனோம். அம்மா பிறந்த வீடு இல்லை. அந்த இடத்தில் கடைகள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ, "ஸ்டேஷனுக்குப் போ" என்றாள். அவள் கல்யாணமாகிப் புறப்பட்டது மீட்டர் கேஜ் ரயிலில். இன்று அகல ரயில் பாதை. பத்து நிமிஷம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போகலாம்" என்றாள்.

அங்கிருந்து சந்திரகிரி. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபிறகு விஜயநகர அரசு முதலில் பெனுகொண்டாவுக்கும், இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் சந்திரகிரிக்கும் தலைநகரை மாற்றியது. 1639-ல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றது தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம். அவர் சந்திரகிரி ராயருக்கு அடங்கிய நாயக்கர். சென்னப்பட்டணம் என்ற பெயரே அவருடைய தகப்பனார் சென்னப்ப நாயக்கர் பெயரால் வந்ததாகச் சொல்வார்கள். ஆக, சென்னையில் வீடு வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கு இந்தக் கோட்டை ஒருவகையில் மூலப் பத்திரம்!

ராஜ மஹால் மூன்று அடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்புக் காரையால் கட்டியது. மர உத்தரமே கிடையாது. கீழே தொல்பொருள் துறையின் மியூசியம். அம்மாவால் படியேற முடியாது. டிரைவரைத் துணைக்கு வைத்து, நிழலில் நாற்காலியை நிறுத்திவிட்டு, நான் மட்டும் மேலே போனேன். கால் மணி என்று சொல்லிப் போனவன் முக்கால் மணி கழித்துத்தான் இறங்கினேன்.

வந்து பார்த்தால், அம்மா அங்கிருந்த அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். தெலுங்கில்! அவள் தெலுங்கு பேசுவது எனக்குத் தெரியும். படிப்பாள் என்று தெரியாது.

"உனக்குத் தெலுங்கு எழுத்து தெரியுமாம்மா?"

"அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடம்தானேடா? தமிழ் எழுத்துதான் தெரியாது. கல்யாணமானப்புறம் உங்கப்பா தினசரிக் காலண்டரைக் கிழிச்சுக் கிழிச்சுச் சொல்லிக்கொடுத்தார்."

"எங்களிடம் சொல்லவே இல்லையே?"

"யாரு கேட்டா?"

எத்தனையோ ஃபைல்களை முதல் பக்கத்திலிருந்து படித்துக் குறிப்பு எழுதியவன் நான். பெற்ற தாயின் முதல் பக்கத்தை 73 வயதில்தான் படித்தேன்.

அன்று இரவு திருப்பதியில் தங்கினோம். "அப்பா இருந்து இந்தக் கோட்டையைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றேன். அம்மா சிரித்தாள். "அவருக்குக் கோட்டை என்னத்துக்கு? எனக்காகத்தான் கேட்டார். பொறந்த ஊரைப் பார்க்கணும்னு நான் கேட்டா, நீ சிரமப்படுவியோன்னு, தனக்கு வேணும்கற மாதிரி கேட்டார்."

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் திருமலை. 65 வயது நிரம்பியவர்களுக்குத் தனி தரிசன ஏற்பாடு உண்டு. முன்பதிவு செய்துகொண்டு போனோம். மலைப்பாதையில் என் விஞ்ஞானப் படிப்பைக் காட்டத் தொடங்கினேன். கீழே பழைய கிரானைட் பாறை, அதன்மேல் குவார்ட்ஸைட். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி வருஷ இடைவெளி. புவியியல் துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது என்றேன். "எண்பது கோடி இருக்கட்டும். மணி பன்னெண்டாச்சு, மாத்திரை எங்கே?" என்றாள் அம்மா.

கோவிலில் ஏராளமான கல்வெட்டுகள், பெரும்பாலானவை தமிழ். போக ஸ்ரீநிவாச மூர்த்தியின் வெள்ளி விக்ரஹத்தைப் பல்லவ ராணி சாமவை அர்ப்பணித்த செய்தியும் தமிழில்தான் இருக்கிறது. தெலுங்கில் தொடங்கித் தமிழுக்கு வந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பெருமாளுக்கு ரெண்டும் தெரியும்" என்றாள்.

அன்பர்களே, புத்தலப்பட்டு இன்று சித்தூர் ஜில்லாவில். சந்திரகிரி 2022-ல் அமைந்த திருப்பதி ஜில்லாவில். ஜில்லா, ராஜ்யம் எல்லாம் மாறும். யார் எங்கே பிறந்தார், எந்தப் பள்ளியில் படித்தார் என்ற விவரத்தைச் சொல்ல ஆள் இருக்கும்போதுதான் கேட்க முடியும். ஊர் திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தினம் சாயங்காலம் அரை மணி அம்மா சொல்கிறாள், நான் எழுதுகிறேன். இதுவரை 40 பக்கம் ஆகியிருக்கிறது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு நாள் அழைத்துப் போங்கள். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் போதும். என்னைப் போல் அவர்களை நிழலில் விட்டுவிட்டு மேலே ஏறிவிடாதீர்கள். மார்ச் முடியட்டும் என்றும் சொல்லாதீர்கள்.