தடைக்காலத்துக்கு நாங்கள் சேர்த்த பணம்



என் வீட்டுக்காரர் அடுத்தவர் விசைப்படகில் ஆளாகப் போகிறவர். வலை இழுக்கணும், மீனைத் தரம் பிரிக்கணும், ஐஸ் போட்டு அடுக்கணும். டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்துலதான் பங்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகும் போகாது, பங்கும் கிடையாது. முதலாளியிடம் முன்பணம் வாங்குவோம். அது அடையும்வரை வேறு படகுக்கு மாற முடியாது; காய்ச்சல்னாலும் போய்த்தான் ஆகணும்.

போன வருஷம் குழுக்கடனில் அந்த முன்பணத்தை அடைத்தேன். இந்தத் தடைக்காலத்துக்கு மார்கழியிலிருந்தே வாராவாரம் சேர்த்தோம். ஜூன் மாதம் அவர் சொன்னார்: “இந்தத் தடவை எந்தப் படகுன்னு நானே பார்த்துக்கிறேன்.”