சூட்டை இறைக்கும் பெட்டி

ஜூலை மாதத்தில் துபாயின் தேராவுக்குப் புதிதாக வந்த ஆளை முதல் நாள் குளியலறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். நீல அடையாளம் போட்ட குழாயைத் திறந்து, கையை உதறிக்கொண்டு வெளியே ஓடி வருவார். கட்டிலில் படுத்திருக்கும் பழைய ஆள் எழுந்திருக்காமலே சொல்வார்: "சிவப்புக் குழாயைத் திற தம்பி."

மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெயிலில் கிடந்த தண்ணீர்தான் நீலக் குழாயில் சுடச்சுட வருகிறது. சிவப்புக் குழாய்க்குத் தண்ணீர் தரும் கீஸரை மே மாதமே அணைத்துவிட்டார்கள். அது ஏசி ஓடும் வீட்டுக்குள் இருப்பதால், ராத்திரி முழுக்க அதற்குள் தங்கிய தண்ணீர் ஆறிப்போயிருக்கும். வெந்நீர் போடுகிற பாத்திரம் கோடையில் பானைத் தண்ணீர் தருகிறது.

சரி, அந்தத் தண்ணீரில் இருந்த சூடு எங்கே போனது? அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்.

தண்ணீரின் சூடு அறைக் காற்றுக்கு வந்தது. ஏசி அந்தக் காற்றை உள்ளே இழுத்தது. ஏசிக்குள் ஒரு செம்புக் குழாய்ச் சுருள் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் 'காயில்' என்பார்கள். அதில் ஓடும் திரவம் ஐந்து, பத்து டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் வகை. அறையின் சூட்டை வாங்கிக்கொண்டுதான் அது ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்திப் பிழிகிறது. பிழியப் பிழிய அது சூடேறி, வெளிக் காற்றைவிடச் சூடாகிறது. தெருவில் 46 டிகிரி என்றால் இது 60-ஐத் தொடும். அப்போதுதான் சூடு தானாக வெளியே இறங்கும். தேராவின் நாயிஃப் பக்கத்துச் சந்தில் நடக்கும்போது முகத்தில் அறைகிறதே அனல், அதில் யாரோ ஒருவருடைய கீஸர் தண்ணீரின் சூடும் சேர்ந்திருக்கிறது.

ஆக, ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. சூட்டை இறைத்துத் தெருவில் கொட்டுகிறது. நம் ஊர்க் கிணற்றில் ஏற்றம் இறைத்தது போலத்தான். தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. யாராவது பாடுபட வேண்டும். கிணறு ஆழமாக ஆழமாகப் பாடு கூடும். அறைக்கும் தெருவுக்கும் உள்ள டிகிரி வித்தியாசம்தான் இங்கே கிணற்றின் ஆழம். தெருவில் 46 இருக்கும்போது ரிமோட்டில் 18 வைக்கிறவர், கிணற்றை இன்னும் ஆறேழு முழம் தோண்டிக்கொண்டு இறைக்கிறவர். துபாயின் மின்சார நீர் வாரியமான தேவாவும் 24-ல் வையுங்கள் என்றுதான் சொல்கிறது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்று விதியே போட்டார்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

இறைத்த தண்ணீர் ஓட வாய்க்கால் வேண்டும் அல்லவா? அதை நாங்கள் ஒரு கோடையில் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆகஸ்ட் மாதம், மத்தியானம் இரண்டு மணி. ஏசி ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். கீழக்கரை மெக்கானிக் ஒருவர் வந்தார். ரூமில் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். "கேஸ் போயிருச்சா காக்கா?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் நேரே பால்கனிக்குப் போனார். ஊருக்கு கார்கோவில் போடக் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் அவுட்டோர் யூனிட்டின் வாயை மறைத்துக்கொண்டு கூரைவரை நின்றன. நாலு பெட்டியை நகர்த்தினார். தூசி அப்பியிருந்த அதன் காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். "அது மூச்சு விட வேணாமா தம்பி? வெளிய விட்ட சூட்டையே திரும்பக் குடிச்சா எப்படி ஓடும்?" என்றார். ரிப்பேர் அவ்வளவுதான்.

மின்சாரம் வருவதற்கு முன்பும் இந்த ஊரில் மனிதர்கள் கோடையைக் கடந்திருக்கிறார்கள். அப்ரா படகில் ஏறிக் கழியின் அக்கரைக்குப் போனால், அல் ஃபஹீதியில் பர்ஜீல் எனும் காற்றுக் கோபுரங்களைப் பார்க்கலாம். தெற்கு ஈரானிலிருந்து வந்த வியாபாரிகள் கொண்டுவந்த கலை அது. எந்தத் திசையில் காற்றடித்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் வெளிக் காற்று எவ்வளவு சூடோ அதைத்தான் அது கொண்டுவரும். சூட்டை மேட்டுக்கு ஏற்ற அதனால் ஆகாது. அதற்கு யந்திரம்தான் வேண்டும்.

ஒரே யந்திரத்தைக் கொண்டு கட்டடத்தைக் குளிர்விக்கவும் செய்யலாம், சூடாக்கவும் செய்யலாம் என்று 1852-லேயே எழுதியவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். குளிர் நாடுகளில் இன்று பெரிதாகப் பேசப்படும் ஹீட் பம்ப் அதுதான். நம் சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏசியும் அதே ஜாதி. ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஒரு வால்வு கூடுதலாக இருந்தால், தெருவில் உள்ள சூட்டை இறைத்து அறைக்குள் கொட்டும். ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பொத்தான் இருந்தால் உங்களுடையது அந்த வகை. குளிர்ந்த காற்றில் ஏது சூடு என்று கேட்காதீர்கள். இருக்கிறது. பனி கொட்டும் நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் அதை இறைத்துத்தான் குளிர் காய்கின்றன.

இதில் லாபம் எங்கே? கம்பி பழுக்கும் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரம் தின்று ஒரு யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்கவில்லை, சுமந்துதான் வருகிறது. அதனால் ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் அளவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தேராவில் ஜனவரி ராத்திரியே 14, 15 டிகிரிதான். ஒரு போர்வை போதும். அந்தப் பொத்தானுக்காக இங்கே கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ரியாத்துக்கு மாற்றலாகிப் போகிறவர், ஊட்டியில் வீடு கட்டுகிறவர் கட்டாயம் கேட்டு வாங்கலாம்.

தேராவில் வாங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: "இது டி3-யா?" டி1 என்றால் வெளியே 35 டிகிரி என்று வைத்துச் சோதித்தது. டி3 என்றால் 46. சென்னையில் நன்றாக ஓடும் பெட்டி இங்கே ஆகஸ்டில் திணறுவதற்கு இந்த 11 டிகிரி போதும்.

இன்று வேலை முடிந்து வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பால்கனியில் அவுட்டோர் யூனிட்டின் முன்னால் உள்ளங்கையை நீட்டுங்கள். உங்கள் அறையின் சூடும், அதை இறைக்கப் பட்ட பாடும் சேர்ந்து கையில் படும். அப்படியே, அங்கே கார்கோ பெட்டி ஏதாவது நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.