பந்தயத் தளத்துக்கும் சாலைக்கும் ஒரே டயரா?

(குறுவள மையப் பயிற்சியில் முதுகலை இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உராய்வு பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். உராய்வு என்றதும் மரக்கட்டை, சாய்தளம், சுருள்வில் தராசு என்று நாம் எல்லோரும் வழக்கமாகப் போகும் வழி ஒன்று உண்டு. நான் இன்று அந்த வழியில் போகாமல், அமெரிக்காவில் நடக்கும் ஒரு கார் பந்தயத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். காரணம் எளியது. நம் மாணவர்கள் கைப்பேசி வழியாக நமக்கு முன்பே அங்கே போய்விட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், ரேஸ் கார்ல பட்டனே இல்லாத மொட்டை டயர்தான் போடுறாங்க. அப்போ மொட்டை டயர்லதான பிடிப்பு அதிகம்? எங்க அண்ணன் பைக் டயரை மாத்தச் சொல்லி ஏன் எல்லாரும் திட்டுறாங்க?" பின்வரிசையிலிருந்து இன்னொருவன் சேர்த்துக் கேட்டான்: "உராய்வு பரப்பைப் பொறுத்தது இல்லைன்னு புத்தகத்துல இருக்கே சார். அப்புறம் எதுக்கு அவ்ளோ அகலமான டயர்?" இரண்டும் நல்ல கேள்விகள். "அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்காருப்பா" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் முதல் கேள்விக்குப் பின்னால் ஒரு பைக்கும், அதில் மழையில் போகிற ஒரு அண்ணனும் இருக்கிறார்கள்.

முதலில் பந்தயத்தைப் பார்ப்போம். இதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். இந்த 'டிராக்' ஓடுதளத்தைக் குறிக்கும் சொல் அல்ல. ஆங்கிலத்தில் அது வேறு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. வளைவே இல்லாத நேர்பாதையில் இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதுதான் போட்டி. அமெரிக்காவில் இதை ஒழுங்குபடுத்தும் தேசிய ஹாட் ராட் சங்கம் 1951இல் வாலி பார்க்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. பொதுச் சாலைகளில் நடந்துகொண்டிருந்த ஆபத்தான பந்தயங்களைப் பாதுகாப்பான தளங்களுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று.

இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒரு கார் 402 மீட்டரை 10 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கம் சீரானது என்று கொண்டால் அது ஏறக்குறைய 8 மீட்டர்/நொடி². இறுதித் திசைவேகம் நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 290 கிலோமீட்டர் வர வேண்டும். ஆனால் உண்மையில் இத்தகைய கார்கள் மணிக்கு 215 கிலோமீட்டர் அளவில்தான் கோட்டைத் தாண்டுகின்றன. அப்படியானால் முடுக்கம் சீராக இல்லை. தொடக்கத்தில் 8ஐவிட அதிகம், முடிவில் குறைவு. இதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்போது வகுப்பில் ஏற்படும் சலசலப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இன்னும் ஒரு படி போகலாம். காரின் மொத்த எடையும் உந்தும் சக்கரங்களின் மேல் இருந்தாலே 8 மீட்டர்/நொடி² முடுக்கத்துக்கு 0.8க்கு மேல் உராய்வுக் குணகம் வேண்டும். பின்சக்கரங்களில் பாதி எடைதான் இருக்கிறது என்றால் 1.6 வேண்டும். வண்டி பாயும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால் உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். எப்படிப் பார்த்தாலும், உராய்வுக் குணகம் 1ஐத் தாண்டாது என்று பல மாணவர்களின் மனதில் பதிந்திருப்பது இங்கே உடைகிறது.

ரப்பர் மரக்கட்டை அல்ல. மென்மையான ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி நுழைகிறது. மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. சுமை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே அதே எடையை அகலமான பரப்பில் பரப்பி வைத்தால் ரப்பருக்கு லாபம். பரப்பைப் பொறுத்ததல்ல என்ற விதி கட்டை, உலோகம் போன்ற உலர்ந்த திண்மங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. 1699இல் அமாண்டன்ஸ் வெளியிட்ட விதி அது. அவர் கையில் டயர் இருக்கவில்லை. பின்வரிசை மாணவனுக்கு இதைச் சொன்னால் போதும். புத்தகம் தவறு என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த விதிக்கு எல்லை உண்டு என்று சொன்னால் அவனுக்குப் புரிகிறது.

இப்போது மொட்டை டயருக்கு வருவோம். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் டயருக்கு ஸ்லிக் என்று பெயர். அதில் பட்டன் கிடையாது, மிக மென்மையான ரப்பர், மெலிந்த பக்கச் சுவர். புறப்படும்போது அந்தப் பக்கச் சுவர் துணி மடிவதுபோல் சுருங்குவதைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அது பழுது அல்ல. என்ஜினின் திடீர் உதையை அந்தச் சுருக்கம் வாங்கிக்கொள்கிறது. தரையோடு படியும் பரப்பும் நீள்கிறது. அதோடு, அந்தத் தளத்தில் ஒட்டும் தன்மையுள்ள பிசின் போன்ற திரவத்தைத் தெளிக்கிறார்கள். முன்பு ஓடிய வண்டிகளின் ரப்பரும் அங்கே அப்பிக் கிடக்கும். புறப்படுமுன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை வரச் செய்வது டயரைச் சூடாக்கிச் சுத்தம் செய்ய. மழைத் தூறல் விழுந்தால் பந்தயமே நின்றுவிடும். அந்தப் பிடிப்பு டயரிடம் மட்டும் இல்லை. டயர், தளம், வெப்பம் மூன்றும் சேர்ந்தால்தான் அது வரும்.

அண்ணனின் பைக் டயர் மொட்டையானது வேறு கதை. வயதாகி இறுகிய ரப்பர், நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லை, கீழே பிசின் தெளித்த தளமும் இல்லை. பார்வைக்கு ஸ்லிக், குணத்தில் நேர் எதிர்.

சரி, பந்தயக்காரர்கள் எல்லோரும் காரை லாரியில் ஏற்றிக்கொண்டா போகிறார்கள்? இல்லை. வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டிப்போகும் காரையே வார இறுதியில் தளத்துக்கு ஓட்டிவந்து பந்தயம் விடுபவர்கள் அமெரிக்காவில் ஏராளம். ஸ்லிக் டயருக்கு அங்கே சாலை அனுமதி இல்லை. அவர்களுக்காகவே டிராக் ரேடியல் என்ற இடைநிலை வகை வந்தது. மிக்கி தாம்ப்சன், நிட்டோ, ஹூசியர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. முத்திரை உண்டு, ரப்பர் மென்மையானது, பள்ளங்கள் கொஞ்சமே. முத்திரை இருப்பதாலேயே எல்லாச் சாலைக்கும் ஏற்றது என்று ஆகிவிடாது. குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அப்படித்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் எதை இழக்கச் சம்மதம் என்ற கேள்விதான். அமெரிக்கக் கார் டயரின் பக்கத்தில் தேய்மான எண் ஒன்று அச்சிட்டிருக்கும். ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால், சோதனையில் அதைவிட மூன்று மடங்கு உழைப்பதற்கு 300. சாதாரணச் சாலை டயர்களில் 300, 500 என்று பார்க்கலாம். டிராக் ரேடியல்களில் 100, சிலவற்றில் 0கூட இருக்கும். ஒட்டும் ரப்பர் உழைக்காது, உழைக்கும் ரப்பர் ஒட்டாது. தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டி, வருடத்தில் இரண்டு முறை தளத்துக்குப் போகிறவர் டிராக் ரேடியல் வாங்குவது வீண் செலவு என்பேன். நல்ல பிடிப்புள்ள கோடைக்கால டயரே அவருக்குப் போதும். மாதம் இரண்டு முறை பந்தயம் விட்டு, வெயில் நாளில் மட்டும் காரை வெளியே எடுப்பவருக்கு டிராக் ரேடியல் பொருந்தும். குளிர்ப் பகுதியில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: உறைநிலைக் குளிரில் இந்த ரப்பர் இறுகிப்போகும், விரிசல்கூட விடும்.

கியரையும் பார்க்க வேண்டும். கிளட்சைச் சட்டென்று விடும் வண்டிக்கு, உதையைத் தாங்கும் பழைய குறுக்கிழை டயர் மன்னிக்கும் குணம் கொண்டது. ரேடியலோ, சக்தியைப் பதமாகக் கொடுத்தால்தான் பிடிக்கும். ஒருமுறை வழுக்கினால் மீண்டும் பிடிப்பது கடினம். ஓய்வுநிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பின்னால் குறுக்கிழை, முன்னால் ரேடியல் என்று கலந்து சாலையில் ஓடினால் வேகத்தில் வண்டி தள்ளாடும்.

நான் அதிகம் கவலைப்படுவது காற்றைப் பற்றி. சாலையில் 30, 35 பி.எஸ்.ஐ. இருக்கும் டிராக் ரேடியலில், தளத்துக்கு வந்ததும் காற்றை இறக்கி 20க்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். பரப்பு கூடும், பிடிப்பு கூடும். பந்தயம் முடிந்து அப்படியே வீட்டுக்குக் கிளம்பினால்? வழியில் மழை பிடித்தால்? தேங்கிய நீரில் டயர் தரையைத் தொடாமல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசாவின் ஆய்விலிருந்து வந்த ஒரு விதி உண்டு. விமான டயர்களை வைத்துக் கண்டது. காருக்குத் தோராயமாகவே பொருந்தும். பி.எஸ்.ஐ.யில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். கிலோமீட்டருக்கு மாற்றினால் பெருக்கும் எண் ஏறக்குறைய 16.7. அழுத்தம் 36 என்றால் வர்க்கமூலம் 6, வேகம் 100 கிலோமீட்டர். அழுத்தம் 16 என்றால் வர்க்கமூலம் 4, வேகம் 67 கிலோமீட்டர்தான். தளத்தில் எந்தச் செயல் பிடிப்பைக் கூட்டியதோ, நனைந்த சாலையில் அதே செயல் வண்டியை முன்கூட்டியே மிதக்க வைக்கிறது. பள்ளம் குறைந்த டயர் பின்னால், சாதாரண டயர் முன்னால் என்பதால் பின்பக்கம் முதலில் விலகி வண்டி சுழலும். எட்டாம் வகுப்பு வர்க்கமூலப் பாடத்துக்கு இந்தக் கணக்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் விடையாக அனுபவசாலிகள் செய்வதைப் பாருங்கள். ஹாட் ராட் இதழ் 2005இல் தொடங்கிய டிராக் வீக் என்ற நிகழ்ச்சியில், ஐந்து நாளில் ஏறத்தாழ 1,000 மைல் பொதுச் சாலையில் தாமே ஓட்டிச் சென்று, ஒவ்வொரு நாளும் ஒரு தளத்தில் பந்தயம் விட வேண்டும். உதவி வண்டி கூட வரக் கூடாது. அங்கே வருபவர்களில் பலர் காருக்குப் பின்னால் ஒரு சிறு இழுவை வண்டி கட்டி அதில் பந்தய டயர்களைக் கொண்டுபோகிறார்கள். தளத்தில் மாட்டுவார்கள், முடிந்ததும் சாலை டயருக்கு மாறிக்கொள்வார்கள். ஒரே டயரில் இரண்டையும் செய்பவர்களும் உண்டு. ஆனால் வேகம் கூடக் கூட டயர் மாற்றுபவர்களே அதிகம்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. பட்டன் உள்ள பழைய டயர் துண்டு ஒன்று, முழுக்கத் தேய்ந்தது ஒன்று, சுருள்வில் தராசு, மேலே வைக்க ஒரே எடையுள்ள கல். உலர்ந்த சிமெண்ட் தரையில் இழுங்கள். தண்ணீர் ஊற்றி இழுங்கள். மணல் தூவி இழுங்கள். உலர்ந்த தரையில் தேய்ந்த துண்டு சில சமயம் ஜெயிக்கும். அதை மறைக்காதீர்கள், அங்கேதான் பாடம் தொடங்குகிறது. மெதுவாக இழுப்பதால் மிதத்தலை இதில் காட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். தொடக்கப்பள்ளியில் எண்கள் வேண்டாம், எது எளிதாக வழுக்கியது என்று கைதூக்கச் சொன்னால் போதும். பெரிய வகுப்பென்றால், டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேட்டைத் தேடச் சொல்லுங்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். கார் டயரில் அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். வாகன நிறுத்துமிடத்தில் நம் வண்டிகளையே முதலில் பார்க்கட்டும்.

டயர் துண்டுக்கு எங்கே போவது என்று யாரோ கேட்டீர்கள். பங்க்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வெட்டுவதை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள், கார் டயருக்குள் எஃகுக் கம்பி இருக்கும்.